குளிர் கீழிருந்து வருகிறது

"மலேசியாவில் ஏது சார் குளிர்?"

ஒவ்வொரு முகாமுக்கு முன்பும் யாராவது ஒரு மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். கேட்பவர்மீது குற்றமில்லை. சிரம்பானில் பகலில் வெயில் 33 டிகிரியைத் தொடுகிறது. இரவில் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வருவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பிள்ளை, இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமாக் கட்டித் தூங்கப் போகும்போது பையில் போர்வை வைப்பாரா? நானும் வைக்கவில்லை.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் உள்ள உலு பெண்டுல், அங்சி மலையின் அடிவாரம். கல்லூரி முதலாண்டில் நண்பர்கள் நால்வர் அங்கே ஓர் இரவு தங்கினோம். புதிதாக வாங்கிய நைலான் ஹேமாக், தலைக்கு மேலே நீலக் கென்வஸ், கைப்பேசியில் பத்துப் பதினைந்து காணொளிகள் பார்த்த அறிவு. இவ்வளவுதான் எங்கள் மூலதனம். மாலையில் கொட்டிய மழை, ஓய்ந்து மறுபடியும் தூறியது. நள்ளிரவு தாண்டி விழித்தபோது என் முதுகுப்பக்கம் முழுக்க ஈரம். கென்வஸ் ஒழுகுகிறது என்று நினைத்து விளக்கை அடித்துப் பார்த்தேன். அதன் அடிப்பக்கம் ஒரு சொட்டுகூட இல்லாமல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் மேலிருந்து வரவில்லை. மரத்தின் தண்டு வழியாக இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, மிகவும் தாழ்ந்த இடமான என் இடுப்புக்குக் கீழே தேங்கியிருந்தது. பிறகு காற்று எழுந்தது. மூன்று மணிக்குப் பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. விடியும்வரை நால்வரும் ஒரு கொட்டகையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "கீழ என்னடா போட்ட?"

"கென்வஸ் கட்டியிருந்தோம்மா."

"மேல கட்டுனத கேக்கல. கீழ."

அம்மா லாபு பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் வேலை செய்தவர். இன்றைய மாணவர்கள் பலருக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கும். பால்மரம் வெட்டப்போகும் தாய்மார்கள் விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். போகும் வழியில் கைக்குழந்தைகளை இந்தக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். உத்தரத்தில் வரிசையாகப் பழைய சேலைகள் தொங்கும். ஒவ்வொரு சேலையிலும் ஒரு பிள்ளை. தூளி என்றும் ஏணை என்றும் நாம் சொல்வது அதைத்தான். வெளியே பனி, சுவரென்று சொல்ல மூங்கில் தட்டியோ பாதிப் பலகையோ இருக்கும். சின்னப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் தாய்க்கு வேலை போச்சு. ஆகவே, அம்மாவும் அவரோடு இருந்த கிழவிகளும் தூளிக்கு இரண்டு துணி கட்டினார்களாம். உள்ளே இருப்பது பிள்ளையைத் தாங்குவதற்கு. அதற்கு வெளியே, சற்றுத் தளர்வாக, இன்னொன்று. "அது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "காத்து கீழதானடா வருது" என்றார்.

இன்று மேலைநாட்டு முகாம் கடைகள் ஹேமாக்குக்கு அடியில் கட்டுவதற்கென்றே பஞ்சு வைத்துத் தைத்த தனிப் போர்வை விற்கின்றன. அதன் விலையில் இங்கே ஒரு மாணவருக்கு ஒரு பருவத்துக்கான புத்தகம் வாங்கலாம். அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் காசுள்ளவர்களுக்கு" என்று ஒதுங்கும் மாணவர்களை எனக்குத் தெரியும். அரசுப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருக்கிறது. சீருடை இயக்கம், முகாம், மலையேற்றம் எல்லாம் அதில் சேரும். பொருள் பட்டியலைப் பார்த்துப் பயந்து ஒரு பிள்ளை பெயர் கொடுக்காமல் இருந்தால், இழப்பு ஓர் இரவுச் சுற்றுலாவோடு முடிவதில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: ஹேமாக்கில் ஈரமாகாமல், குளிராமல் தூங்குவது அறிவு சார்ந்த காரியம். பணம் இரண்டாவதுதான். அந்த அறிவில் பாதி நம் தோட்டத்து வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது; நாம்தான் கேட்பதில்லை.

முதலில் குளிரைப் பார்ப்போம். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 33 டிகிரி செல்சியஸ். நெகிரி செம்பிலானின் சமவெளியில் மழை பெய்த இரவில் காற்று 22, 23 டிகிரிக்கு இறங்கும். நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ அரை டிகிரிக்கும் சற்று மேலாகக் குறையும். அங்சி மலை 825 மீட்டர், ரெம்பாவில் உள்ள டத்தோ மலை 884 மீட்டர். உச்சியில் சமவெளியைவிட ஐந்து டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். 18 டிகிரியில் யாரும் உறைந்துபோவதில்லை, உண்மைதான். ஆனால் எட்டு மணிநேரம் அசையாமல் கிடக்கும் உடல் தொடர்ந்து வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. தரையில் படுத்தால் காற்று ஒரு பக்கம்தான் வீசும். ஹேமாக்கில் முதுகுக்குக் கீழேயும் காற்று ஓடுகிறது. பேண்ட் அடுப்பில் வைத்த குண்டான்போல, ஆனால் நேர்மாறாக, நாம் கீழிருந்து ஆறுகிறோம்.

"நல்ல தடிமனான தூக்கப்பை எடுத்துப் போனேன், அப்படியும் முதுகு குளிர்ந்தது" என்று சிலர் சொல்வார்கள். போர்வையின் கதகதப்பு துணியில் இல்லை. துணிக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்றில்தான் இருக்கிறது. நம் எடை அதன்மேல் அழுந்தும்போது அந்தக் காற்று பிதுங்கி வெளியேறிவிடுகிறது. மேலே போர்த்திய பாதி வேலை செய்யும். அடியில் கிடக்கும் பாதி வெறும் துணி. அம்மா இரண்டாவது சேலையை வெளியே கட்டியதன் காரணம் இதுதான். வெளியே தொங்குவதை யாரும் அழுத்துவதில்லை.

வழி இரண்டு. யோகா பாய் ஒன்றை ஹேமாக்குக்குள் விரிக்கலாம். நுரை அழுத்தத்துக்கு எளிதில் சப்பையாகாது. தோளளவு அகலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தோள்கள் குளிரும். வழுக்கி ஓடும் என்பதுதான் அதன் குறை. இரண்டடுக்குத் துணி உள்ள ஹேமாக் என்றால் நடுவே செருகிவிடலாம். இரண்டாவது வழி, வீட்டில் இருக்கும் பாலியெஸ்டர் போர்வை ஒன்றின் இரு ஓரங்களையும் கயிற்றால் சுருக்கி, ஹேமாக்குக்கு அடியில் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுவது. இடைவெளி அதிகமானால் நடுவே காற்று புகுந்துவிடும். இறுக்கிக் கட்டினால் சப்பையாகிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நுரைப்பாய் முதுகை வேர்க்க வைப்பதால் எனக்கு இந்த இரண்டாவது முறைதான் பிடிக்கும். இன்னொரு லாபமும் உண்டு: மெல்லிய நைலான் வழியாகக் கொசு கீழிருந்தே கடிக்கும். மலேசியாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் நோலெசி மலேரியா இருக்கிறது. காட்டோரம் தூங்குபவர் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கீழ் அடுக்கு கொசுவையும் தடுக்கும். மேலே கொசுவலை தனியாக வேண்டும்.

காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டியபின் தூளிக்குக் கீழே சாம்பிராணி போட்டுச் சூடு காட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைப் பார்த்து ஹேமாக்குக்குக் கீழே தணல் வைக்க நினைத்தார் ஒரு மாணவர். நைலான் உருகும், கென்வஸ் பற்றும், தாழக் கட்டிய கென்வஸுக்குள் கரிப்புகை ஆளையே மயக்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் பாட்டி வழி வேண்டாம்.

குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. நனைந்த உடையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் போதும். நண்பர் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் கிண்டல் செய்யாதீர்கள். ஈர உடையைக் கழற்றிக் காய்ந்த உடை போட்டு, போர்த்தி, தெளிவாக இருந்தால் இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். சூடேறாமலே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். உதவிக்கு ஆள் அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

ஈரம் வரும் வழிகளில் கயிற்றை நான் முதலிடத்தில் வைப்பேன், பட்ட அடி அப்படி. இதற்கான தீர்வையும் பால்மரக் காடுதான் காட்டியது. மழை பெய்தால் தண்டு வழியாக நீர் இறங்கி வெட்டை நனைக்கும், மங்கில் விழுந்து பாலைக் கெடுக்கும். மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அந்நாளில் கூலியும் இல்லை. அதைச் சமாளிக்க, வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பாவாடை ஒட்டுவார்கள். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் ரப்பர்த் தோட்டங்களில் இதை நிறையப் பார்க்கலாம். தண்டில் இறங்கும் நீர் பாவாடையில் திரும்பி வெளியே சொட்டிவிடும். வெட்டு காய்ந்தே இருக்கும். ஹேமாக் கயிற்றுக்கும் அதே தத்துவம்தான். கென்வஸின் விளிம்புக்கு உள்ளே, ஹேமாக் துணி தொடங்குவதற்கு முன்னால், கயிற்றில் ஒரு முழப் பருத்திக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். நடந்து வரும் நீர் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். செலவு ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் பார்த்த பத்துப் பதினைந்து காணொளிகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. அல்லது சொன்ன இடத்தில் நான் தள்ளிவிட்டேன்.

பால்மரம் இன்னொரு கணக்கையும் வைத்திருக்கிறது. ஒட்டு மரத்தில் வெட்டின் சரிவு 30 பாகை. ஹேமாக்கின் பட்டை மரத்திலிருந்து இறங்கும் சரிவும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை இருந்தால் நல்லது. இது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி. 30 பாகையில் கட்டினால் 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கத்துப் பட்டையும் சுமார் 70 கிலோ இழுவையைத் தாங்கும். தொய்வே கூடாது என்று விறைப்பாக இழுத்து 10 பாகையில் கட்டினால், அதே ஆள், அதே எடை, ஒவ்வொரு பக்கமும் 200 கிலோவைத் தாண்டும். இயற்பியல் படிப்பவர்கள் சைன் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். விறைப்பான ஹேமாக் நம்மைத் தோளோடு நெருக்கவும் செய்யும். தொய்வாகக் கட்டிக் குறுக்காகப் படுத்தால் முதுகு நேராக இருக்கும். தூளிக்குள் துணியை விரித்து வைக்கக் குறுக்கே ஒரு கட்டை கொடுத்தார்களே, அதன் வேலையைக் குறுக்கே படுப்பது செய்துவிடும்.

கென்வஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேமாக்கின் இரு முனைகளையும் தாண்டி ஓர் அடியாவது நீண்டிருக்க வேண்டும். இரவில் பக்கங்களைத் தாழ இறக்கிக் கட்டுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலோ, மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியலுக்கு முன் வரும் சுமத்ராக் காற்று மழையைப் பக்கவாட்டில் அடிக்கும். மாலையில் அழகாக விரித்துக் கட்டிய கென்வஸ் அப்போது குடைபோலத் தூக்கிக்கொள்ளும்.

ஏறி வந்த உடையோடு தூங்கக் கூடாது. அது வேர்வையில் ஊறியிருக்கும். ஒரு செட் காய்ந்த உடை, காலுறை, தலைக்கு ஒரு துண்டு, மூன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, தூங்கும் நேரத்துக்கு மட்டும் எடுங்கள். காலையில் மறுபடியும் அந்த ஈர உடையை மாட்டிக்கொள்வது கொடுமைதான். மாட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த செட் அடுத்த இரவுக்கு.

பழைய ஆட்கள் இதையெல்லாம் வேறு பெயரில் செய்தார்கள். கோணிச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்தால் அதுதான் கொங்காணி. மழையில் தலையும் முதுகும் காய்ந்திருக்கும். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டுவது, நனைந்த தேயிலைச் செடி வயிற்றில் உரசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்ததால்.

ஆனால் இந்த அறிவைக் கேட்கப் போனால் முதலில் கிடைப்பது திட்டுதான். "நாங்க மழையிலயும் பனியிலயும் கெடந்தது போதாதா? உங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்பார்கள். அதைக் கிழட்டுப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். 1942க்கும் 1943க்கும் இடையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை போட ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 மழைக்காலத்தில் ஒழுகும் அத்தாப்புக் கூரைக்குக் கீழே மூங்கில் பரணில் ஈரத்தோடு கிடந்தவர்களைக் காலராவும் மலேரியாவும் கொண்டுபோயின. திரும்பி வராதவர்கள் இல்லாத தோட்டம் அரிது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய், "பொழுதுபோக்குக்குக் காட்டில் தொங்கித் தூங்கப்போகிறேன்" என்றால் அவர்கள் சிரிக்கமாட்டார்கள். காய்ந்த இடம் அவர்களுக்கு உயிர். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் சொல்லித் தருவார்கள். என் அம்மா இன்றும் முடிச்சுப் போட்டுக் காட்டுவார். படுத்துப் பாருங்கள் என்றால் மட்டும் மாட்டார்.

எங்கே கட்டுவது என்பதிலும் தோட்டம் மாறிவிட்டது. செண்டாயான் பக்கம் வீடமைப்பு நகரமாகிவிட்டது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி செம்பனை. செம்பனைக்கடியில் ஹேமாக் கட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இருபது கிலோ குலையும் முள்ளோடு கூடிய மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. எலிக்காகப் பாம்பு வரும். பால்மரம் பரவாயில்லை என்று பார்த்தால், காற்றில் கிளை முறியும் சுபாவம் உள்ள மரம் அது. பால் வெட்டும் மரத்தில் பட்டை கட்டினால் ஒருவரின் பிழைப்பில் கை வைக்கிறோம். வெட்டை நிறுத்திய மரமானாலும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் நுழையாதீர்கள். வனக்காப்பகம் என்றால் வனத்துறை அனுமதி. எங்கே கட்டினாலும் படுப்பதற்கு முன் தலையை நிமிர்த்திக் காய்ந்த கிளை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெராம் தோய் போன்ற ஆற்றோரங்களில் தண்ணீருக்குப் பக்கத்திலேயே கட்டுவது படத்துக்கு அழகாக இருக்கும். மேலே மலையில் பெய்த மழை, நம் தலையில் ஒரு துளிகூட விழாமலே கெப்பாலா ஆயராக இறங்கும். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங்காலி முகாம் தளத்தில் சரிந்த மண் 31 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் பலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சரிவுக்குக் கீழேயும் ஆற்று விளிம்பிலும் தங்குவதில்லை என்று முடிவெடுப்பதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டாம்.

முகாம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருள் பட்டியல் அனுப்புவதற்கு முன், மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, பள்ளித் திடலில் ஓர் இரவு போடுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் திடலோரம் நல்ல மரங்கள் இன்னும் நிற்கின்றன. குளிர்ந்தால் பத்தடியில் வகுப்பறை இருக்கிறது. தூளி கட்டிப் பழகிய ஒரு பாட்டியை அழைத்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மாணவர்கள் கட்டி முடித்ததும் யாரும் உடனே ஏறிப் படுக்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, பட்டை கட்டிய இடத்துக்கு மேலே மரத்தண்டில் ஊற்றுங்கள். பிறகு ஹேமாக்கின் நடுவே கையை வைத்துப் பாருங்கள்.